ஷிமானே மலையில் காலி வீடு (அகியா), 28 லட்சம் யென்: கையெழுத்துக்கு முன் எதைப் பார்ப்பது?

#1 வெண்ணிலா_ஒசாகா

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானில் மேற்கு ஷிமானே, இவாமி பக்கம், ஒரு நகராட்சியின் அகியா பாங்க் (காலி வீடுகளுக்கான பட்டியல்) தளத்தில் வந்த வீடு இது. 1968-ல் கட்டிய மரவீடு. கீழ்த்தளம், மேல்தளம் சேர்த்து 142 ச.மீ., மனை 510 ச.மீ., கூடவே இரண்டு வயல் துண்டு. சிவப்பு ஓட்டுக் கூரை. கழிப்பறை குமிதோரி (குழிக் கழிப்பறை). ஆறு வருஷமாக ஆள் இல்லை. விலை 28 லட்சம் யென், "கெஞ்ஜோ-யூஷி" (உள்ளது உள்ளபடி) என்று போட்டிருக்கிறது.

இருப்பது வேலை விசா, பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடையாது. கடன் வாங்குவதாக இல்லை. வீட்டு விலையும் சேர்த்து மொத்தக் கை இருப்பு 1 கோடி யென். நேரில் பார்க்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது, மிச்சக் காசு தாங்குமா, எதை நாமே செய்யலாம்?

#2 பத்திரக்காரன்

விசாவை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். ஜப்பானில் நிலமும் கட்டடமும் வாங்க விசாவே தேவையில்லை. வெளிநாட்டவர் பேரில் முழு உரிமையோடு பதிவாகும். ஆனால் வீடு இருக்கிறது என்பதற்காக விசா ஒரு நாள்கூட நீளாது. கெஸ்ட் ஹவுஸ் நடத்தி பிசினஸ் மேனேஜர் விசா எடுப்போம் என்ற பழைய யோசனை 2025 அக்டோபரோடு சரி. மூலதன வரம்பு 50 லட்சத்திலிருந்து 3 கோடி யென் ஆகிவிட்டது.

பார்க்கப் போவதற்கு முன்பே செய்ய வேண்டியது டோகி (சொத்துப் பதிவேடு) நகல் எடுப்பது. நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான். ஹோமுக்யோகுவில் (பதிவு அலுவலகம்) 600 யென் கட்டினால் யார் நிலத்துக்கும் நகல் தருவார்கள், உரிமையாளர் சம்மதம் வேண்டாம். நிலத்துக்குத் தனி, கட்டடத்துக்குத் தனி. கூடவே கோஸு (புலப்படம்) ஒன்றும் எடுங்கள்.

நகலில் "கோ" பகுதி உரிமையைச் சொல்லும். அங்கே இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? கிராமத்து வீடுகளில் பாதிக்கு மேல் சிக்கல் இங்கேதான் என்பது என் கணக்கு. தாத்தா பெயரில் நிற்கும், அவர் போய் நாற்பது வருஷம் ஆகியிருக்கும், வாரிசுகள் நான்கு மாகாணத்தில் இருப்பார்கள், ஒருவர் பிரேசிலில். வாரிசுப் பதிவு 2024 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்: தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் செய்யாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம். சட்டம் வந்ததால் வாரிசுகள் எல்லாரும் உடனே ஓடி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பெயர் மாறும்வரை முன்பணம் வேண்டாம்.

"ஒட்சு" பகுதி அடமானம். மெய்ஜி, தைஷோ காலத்துக் கடன் நூறு யென், இருநூறு யென் என்று இன்னும் நிற்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நீக்க ஷிஹோ-ஷோஷிக்கு (பதிவு வேலை பார்க்கும் சட்ட எழுத்தர்) வேலையும் காலமும் பிடிக்கும். விற்பவர் செலவில் நீக்கித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பிறகு பரப்பு. பட்டியலில் 142 ச.மீ. என்கிறீர்கள். டோகியில் 96 என்று வந்தால் குளியலறையோ பின்கட்டோ பதிவில்லாமல் ஒட்டிக் கட்டியது. நகராட்சியில் நயோசெச்சோ என்ற வரிப் பட்டியல் இருக்கிறது. விற்பவரை எடுத்துத் தரச் சொல்லி, டோகியோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். பதிவாகாத களஞ்சியம், கொட்டகை எல்லாம் அதில்தான் வெளிவரும்.

இனி வயல். இதை லேசாக எடுக்காதீர்கள். டோகியில் நில வகை "தா" (நெல் வயல்) அல்லது "ஹதகே" (தோட்டம்) என்று இருந்தால் விவசாயக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்பனையே செல்லாது. இன்று அங்கே மூங்கில் காடு வளர்ந்து நின்றாலும் சட்டம் பார்ப்பது காகிதத்தையும் குழுவின் முடிவையும். குறைந்தபட்சப் பரப்பு விதி 2023 ஏப்ரலில் எடுக்கப்பட்டதால் சின்னத் துண்டுக்கும் இப்போது வழி உண்டு. ஆனால் வேலை செய்பவர் வருஷத்தில் பொதுவாக 150 நாள் விவசாயத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஒசாகாவில் இருந்துகொண்டு வார இறுதியில் போகிறவருக்கு அது பொருந்தாது. வீட்டை மட்டும் வாங்கிவிட்டு வயலை விற்பவரிடமே விட முடியுமா, அல்லது பக்கத்து விவசாயி எடுத்துக்கொள்வாரா என்று ஏஜென்டிடம் இப்போதே கேளுங்கள். மலைக்காடு (சன்ரின்) சேர்ந்து வந்தால் வாங்கிய 90 நாளுக்குள் நகராட்சிக்கு அறிக்கை. அது வெறும் படிவம்தான்.

#3 சும்மா_படிப்பவன்

இலவச வீடு, 500 டாலர் வீடு என்று யூடியூபில் போடுகிறார்களே, அதெல்லாம் பொய்யா?

#4 ஆணிக்கட்டை

பொய் இல்லை தம்பி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 2023 கணக்கெடுப்பில் ஜப்பானில் காலி வீடு சுமார் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். அதில் வாடகைக்கோ விற்பனைக்கோ வைக்காமல் சும்மா கிடப்பவை 38 லட்சத்துக்கு மேல். இலவசமாகக் கொடுக்கிறார் என்றால் இடிக்கும் செலவை உங்கள் தலையில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ட்சுபோ (சுமார் 132 ச.மீ.) மரவீட்டை இடித்து அள்ள 12 லட்சத்திலிருந்து 20 லட்சம் யென் ஆகும், லாரி வராத சந்தானால் இன்னும் மேலே.

வெண்ணிலா, நேரில் போகும்போது இதெல்லாம் பையில் இருக்கட்டும்: தலையில் மாட்டும் டார்ச், தட்டை முனைத் திருப்புளி, ரசமட்டம் (லேசர் இருந்தால் நல்லது), ஊசி வைத்த மர ஈரமானி, 5 மீட்டர் டேப், அழுக்காகலாம் என்ற துணி. ஏஜென்டிடம் முன்கூட்டியே "தாதாமியை (தரையில் பதித்த தடித்த பாய்) தூக்கிப் பார்க்கலாமா, ஓஷிஇரே (சுவர் அலமாரி) மேல்பலகையைத் தள்ளிக் கூரைக்குள் பார்க்கலாமா" என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். மாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். சிவப்பு ஓடு என்றால் அனேகமாக செகிஷு ஓடு, அந்த ஊர்ச் சரக்கு. 1200 டிகிரிக்கு மேல் சுட்டது. பனிக்கும் உப்புக்காற்றுக்கும் அசையாது. 1968 ஓடு இன்னும் நன்றாகத்தான் இருக்கும். ஒழுகுவது ஓடு இல்லை, இரண்டு கூரை சேரும் பள்ளத்தாக்கு மடிப்பில் போட்ட செம்புத் தகடு. மெருகு ஓட்டிலிருந்து சொட்டும் மழைநீர் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்து தகட்டில் வரிசையாக ஊசித் துளை போட்டுவிடும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. கூரைக்குள் ஏறி, மடிப்புக்கு நேர்கீழே பலகையில் கருப்பு வளையம், வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். தகட்டை மட்டும் ஸ்டெயின்லெஸுக்கு மாற்றலாம், கூரை முழுக்கப் பிரிக்க வேண்டாம். அதற்கடுத்தது முகட்டு ஓடு. வரிசை பாம்பு மாதிரி நெளிந்திருந்தால் உள்ளே மண் கரைந்துவிட்டது, முகட்டை எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

பிறகு தரைக்குக் கீழே. குளியலறைக்கும் சமையலறைக்கும் பக்கத்து அறைத் தாதாமியைத் தூக்கி, அடிப்பலகை ஒன்றைக் கழற்றி, டார்ச் அடித்துத் தலையை விடுங்கள். தூணடியில், அடித்தளக் கல்லில் விரல் அகல மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். தட்டினால் பொத்தென்று சத்தம், திருப்புளி சுலபமாக உள்ளே போனால் சட்டம் வெறும் கூடு. ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழ் காட்டினால் கவலை குறைவு. 25, 30 என்றால் அங்கே எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. முதலில் அதைக் கண்டுபிடிக்காமல் மருந்தடிப்பது வீண். யமாதோ கரையான் ஈரமரத்தைத்தான் தேடும், வசந்தத்தில் பகலில் ஈசல் விடும். இஎ கரையான் தானே தண்ணீர் கொண்டு போகும், அதனால் கூரை விட்டம் வரைக்கும் ஏறும். மருந்தடிப்புக்கு ஐந்து வருஷ உத்தரவாதம் வழக்கம். போன தடவை எப்போது அடித்தார்கள் என்ற காகிதம் கேளுங்கள்.

சாய்வு: மூன்று மீட்டர் தூரத்தில் இரண்டு புள்ளி எடுத்து அளந்து பாருங்கள். 1000-க்கு 3 வரை ஒன்றுமில்லை. 6-க்கு மேல் போனால் கட்டமைப்புக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்று அமைச்சகத்தின் அளவுகோலே சொல்கிறது. அதாவது 3 மீட்டருக்கு 18 மி.மீ. ஒரே ஓர் அறை மட்டும் சாய்ந்திருந்தால் தூணடி இற்றது. வீடே ஒரு பக்கம் என்றால் மண் இறங்குகிறது, அந்த வீடு வேண்டாம்.

#5 குழாய்மாமா

எல்லாரும் கூரையையும் கரையானையும் பேசுவீங்க. பட்ஜெட்டைச் சாப்பிடுறது கழிப்பறை.

குமிதோரின்னா கீழே குழி, வண்டி வந்து உறிஞ்சிட்டுப் போகும். குளியல், சமையல் தண்ணி நேரா வாய்க்காலுக்குப் போகுது. சாதாரண ஃப்ளஷ் வேணும்னா, ஊர்ல பாதாள சாக்கடை இல்லாத வரைக்கும், ஜோகாசோ புதைக்கணும். நம்ம ஊரு செப்டிக் டேங்க் மாதிரி நினைக்காதீங்க. காத்து ஊதி, நுண்ணுயிர் வளர்த்து, சுத்தமாக்கி வெளியே விடுற சின்ன சுத்திகரிப்பு நிலையம். வருஷம் முழுக்க, ராத்திரி பகலா ஊதுகுழல் ஓடணும். வீட்டைப் பூட்டிட்டுப் போறோமேன்னு பிளக்கைப் புடுங்கினா உள்ளே எல்லாம் செத்து நாறும்.

இப்ப கணக்கு. தொட்டி அளவு குடும்பத்துல எத்தனை பேருன்னு பார்த்துப் போடுறதில்லை, வீட்டுப் பரப்பைப் பார்த்து. 130 ச.மீ. வரை 5 ஆள் தொட்டி, தாண்டினா 7 ஆள். உங்க வீடு 142. பன்னிரண்டு ச.மீ.க்காகப் பெரிய தொட்டி. சமையலறை ரெண்டு, குளியலறை ரெண்டுன்னா 10 ஆள். ஆள் குறைவுன்னா தளர்த்தலாம்னு சில நகராட்சிகள்ல விதி உண்டு, அதைக் கேட்டு எழுத்தில வாங்குங்க. 7 ஆள் தொட்டி, தோண்டி, குழாய் இழுத்து, முடிக்க 10-லேர்ந்து 15 லட்சம் யென் வச்சுக்கோங்க. மானியம் உண்டு, ஆனா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விண்ணப்பிக்கணும். குழி தோண்டின மறுநாள் போய்க் கேட்டா ஒரு யென் வராது.

இதுக்கும் மேல ஒரு முள்ளு இருக்கு. சுத்தமான தண்ணியை எங்கே விடப் போறீங்க? வீட்டு முன்னாடி ஓடுற வாய்க்கால் பெரும்பாலும் விவசாயிகளோட நீர்ப்பாசனச் சங்கத்துது. பல ஊர்ல அவங்க சம்மதமோ, ஜிச்சிகாய் (ஊர்ச் சங்கம்) தலைவர் கையெழுத்தோ இல்லாம வேலை நகராது. வாய்க்காலே இல்லைன்னா இன்னும் மோசம். வீட்டைப் பார்க்கப் போற அன்னிக்கே தொட்டிக்கு ஒரு கார் நிக்கிற இடம் இருக்கா, அது வாய்க்காலை விட உயரமா, அளந்துடுங்க. தாழ்வா இருந்தா பம்ப் தொட்டி சேர்க்கணும்.

அப்புறம் வருஷா வருஷம் செலவு: வருஷத்துக்கு மூணு நாலு தடவை பராமரிப்பு, ஒரு தடவை கசடு அள்ளுறது, ஒரு தடவை சட்டப்படி ஆய்வு. மூணும் வேற வேற ஆளு, மூணு பில்லு.

#6 ஆணிக்கட்டை

மாமா சொல்வது சரிதான், ஆனால் முதல் வருஷமே ஜோகாசோ வேண்டுமா? வார இறுதி வீடு என்றால் "கன்-இ சுய்சென்" போதும். குழி அப்படியே இருக்கும், மேலே மூடி திறக்கிற பீங்கான், ஒரு தடவைக்கு அரை லிட்டருக்குள் தண்ணீர். ஜோகாசோ செலவில் சின்னப் பங்கு.

#7 குழாய்மாமா

வேணாம்னு சொல்லலை. ஆனா அதைப் போட்டா குழி சீக்கிரம் நிரம்பும், வண்டி அடிக்கடி வரணும். வண்டியோட உறிஞ்சு குழாய் எட்டுற தூரத்துல வீடு இருக்கான்னும் பாருங்க, மலை வீட்டுக்கு இது பெரிய விஷயம். குளியல் தண்ணி இன்னமும் வாய்க்கால்லதான் போகும், அதையும் மறக்காதீங்க. ரெண்டு வருஷம் ஓட்டலாம், அங்கேயே குடியேறப் போறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

#8 வெண்ணிலா_ஒசாகா

ரொம்ப நன்றி. கூடுதல் தகவல் கேட்டு வாங்கினேன். கட்டட டோகி 118 ச.மீ. தான், குளியலறைப் பக்கம் 1979-ல் ஒட்டியதாம். வீட்டுக்குப் போகும் சந்து அகலம் 1.9 மீட்டர், நீளம் 40 மீட்டர். இடம் நகரத் திட்டப் பகுதிக்கு வெளியே. நிலச்சரிவு வரைபடத்தில் வீட்டின் பின்பாதி மஞ்சள். ஒரு வேலைக்காரர், "2025-க்குப் பிறகு எதைத் தொட்டாலும் அரசு அனுமதி வேண்டும்" என்று பயமுறுத்துகிறார். உண்மையா?

#9 பத்திரக்காரன்

சந்து 1.9 மீட்டர் என்றதும் பயந்திருப்பீர்கள். 4 மீட்டர் சாலையில் 2 மீட்டர் முகப்பு இல்லாவிட்டால் திரும்பக் கட்ட முடியாது ("சாய்-கென்ச்சிகு-ஃபுகா") என்பது நகரத் திட்டப் பகுதிக்குள் உள்ள விதி. வெளியே இருப்பதால் உங்களுக்கு அது பொருந்தாது. சந்து யாருடையது என்று கோஸுவில் பாருங்கள். எண் இல்லாத கீற்றாக இருந்தால் பழைய பொதுப்பாதையாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நிலம் என்றால் வழி உரிமையை எழுத்தில் வாங்குங்கள்.

2025 ஏப்ரலில் வந்த கட்டடச் சட்ட மாற்றம் உண்மை, வேலைக்காரர் சொன்னது பாதி. இரண்டு தள மரவீடு இப்போது எங்கே இருந்தாலும், "பெரிய அளவுப் பழுது" செய்தால் கட்டட உறுதிச் சான்று (கென்ச்சிகு-ககுனின்) வேண்டும். பெரிய அளவு என்றால் சுவர், தூண், தளம், விட்டம், கூரை, மாடிப்படி, இந்த ஆறில் ஏதாவது ஒன்றைப் பாதிக்கு மேல் மாற்றுவது. ஆனால் கீழ்த்தளத் தரை இந்தக் கணக்கில் வராது. ஓட்டை மட்டும் மாற்றுவதும் வராது. சமையலறை, குளியலறை, கழிப்பறை மாற்றுவதும் வராது. ஆகவே கீழ்த்தளம் முழுக்கத் தரை பிரித்துப் போடலாம், ஐந்தாறு தூணடி மாற்றலாம். மேல்தளத்தை எடுத்துவிட்டு உயரக் கூடம் ஆக்குவோம் என்ற ஆசை இருந்தால் அங்கேதான் மாட்டுவீர்கள். ஒரு தளம் மட்டும், 200 ச.மீ.க்குள் உள்ள வீட்டுக்கு இந்தச் சான்று தேவையில்லை. இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் ஒற்றைத் தள வீட்டைப் பாருங்கள்.

மஞ்சள் பகுதி எச்சரிக்கை, சிவப்பு என்றால் கட்டுமானக் கட்டுப்பாடு. மஞ்சள் என்பதற்காக விட வேண்டியதில்லை, ஆனால் அந்த மலைகளில் 1983 ஜூலை மழையில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். படுக்கையறை முன்பாதியில் இருக்கட்டும்.

118-க்கும் 142-க்கும் இடையிலான 24 ச.மீ.யை விற்பவர் பதிவு செய்து தரட்டும் அல்லது விலையில் கழிக்கட்டும். அளந்து பதிவது தோச்சி-கஒகு-ச்சோசாஷி (நில, கட்டட அளவையாளர்) வேலை, ஷிஹோ-ஷோஷி வேலை இல்லை. மக்கள் இதைக் குழப்பிக்கொள்வார்கள்.

#10 ஆணிக்கட்டை

சந்து 1.9 மீட்டர், 40 மீட்டர் நீளம். இதை விலைப்பட்டியலில் ஏற்றுங்கள். 2 டன் லாரி நுழையாது. கே-டிரக் (ஜப்பானின் குட்டி லாரி) அகலம் 1.48 மீட்டர், நுழையும், ஆனால் ஏற்றக்கூடியது 350 கிலோ. வீட்டில் கிடக்கும் பழைய சாமானை (சன்ச்சிபுட்சு) வெளியே கொண்டுவரவும், சிமென்ட், பிளைவுட் உள்ளே கொண்டுபோகவும் ஒவ்வொன்றும் கை மாற்றம். ஜோகாசோத் தொட்டியைத் தூக்கி வைக்கும் கிரேனும் உள்ளே வராது. மாமா, இது உங்கள் ஏரியா.

#11 குழாய்மாமா

ஆமா, 1.9-ன்னா கையால தோண்டி, சின்ன எந்திரம் வச்சு இறக்கணும். தொட்டி வேலைக்கு மேற்கோள் வாங்கும்போது ஆளை நேர்ல கூட்டிட்டுப் போங்க. போட்டோ பார்த்துச் சொல்ற விலை விலையே இல்லை.

குழாய் பத்தி ரெண்டு. வருஷக்கணக்கா மூடின வீட்டுல மீட்டர் திறந்ததும் எல்லாக் குழாயையும் மூடி வச்சு, மீட்டர்ல சுத்துற சின்ன முள்ளைப் பாருங்க. சுத்தினா தரைக்குள்ள எங்கயோ ஓட்டை. பழைய இரும்புக் குழாய்னா தேட வேணாம், வெளியே புதுசா இழுத்திடுங்க, அதுதான் மலிவு. உள்ளே வர்ற குழாய் 13 மி.மீ.ன்னா வாட்டர் ஹீட்டரும் ஷவரும் ஒண்ணா ஓடாது, 20-க்கு மாத்த நகராட்சி கூடுதல் கட்டணம் கேட்கலாம். மீட்டருக்கு இந்தப் பக்கம் இணைக்கிற வேலையையும் அங்கீகரிச்ச ஆள்தான் தொடணும்.

இவாமி மலையில பனி விழும். ஆள் இல்லாத குளிர்காலத்துல தண்ணியை வடிச்சுட்டுப் போகணும். வாட்டர் ஹீட்டர், கழிப்பறைத் தொட்டி, வாஷிங் மெஷின் குழாய், மூணுலயும் தேங்கும். ஹீட்டரோட அடியில வடிகால் திருகு இருக்கும், அதைத் திறக்க மறந்தா உள்ளே செப்புக் குழாய் வெடிக்கும்.

#12 மயிலாப்பூர்_ரமணி

சென்னையில் இருந்துகொண்டே வாங்க முடியுமா? கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

#13 பத்திரக்காரன்

முடியும். ஆனால் பணம் அனுப்புவது எல்.ஆர்.எஸ். (ரிசர்வ் வங்கியின் வெளிநாட்டுப் பண அனுப்பல் திட்டம்) வழியாக, நிதியாண்டுக்கு ஒரு நபருக்கு 2,50,000 டாலர் வரம்பு. 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், பிறகு வரிக் கணக்கில் திரும்பும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஒவ்வொரு வருஷமும் காட்டியாக வேண்டும்.

ஜப்பான் பக்கம்: முத்திரைச் சான்று (பதிவு செய்த சொந்த முத்திரைக்கான சான்று) இல்லாததால் நோட்டரி முன் போட்ட உறுதிமொழிப் பத்திரமும் பாஸ்போர்ட் நகலும் ஷிஹோ-ஷோஷிக்கு வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர் உள்நாட்டுத் தொடர்பு முகவரி ஒன்றையும் பதிவில் சேர்க்கிறார். சொத்து வரி வாங்கிக் கட்ட உள்ளூர் ஆள் (நோசெய்-கன்ரினின்) நியமிக்க வேண்டும். நான் கேட்டால் வேண்டாம் என்பேன். மழைக்காலத்தில் ஒரு சின்ன ஒழுகலைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு வருஷம் விட்டால் அந்த அறையே போகும்.

#14 வெண்ணிலா_ஒசாகா

கையெழுத்தன்று ஆகும் செலவு எவ்வளவு? அப்புறம் தரை வேலையை நாங்களே செய்யலாமா? கீழே 8 தாதாமி அறை இரண்டு. உறவினர் ஒருவர் "மண் தரையில் கான்கிரீட் போட்டுவிடு, கரையானும் வராது, ஈரமும் வராது" என்கிறார்.

#15 பத்திரக்காரன்

ஏஜென்ட் கூலி: 80 லட்சம் யென்னுக்குள் உள்ள வீட்டுக்கு 2024 ஜூலை முதல் 3,30,000 யென் வரை கேட்கலாம். சிறிய வீட்டுக்கு அதிகம் போலத் தெரியும். ஆனால் அகியா பாங்க்கில் ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகவும் பேசலாம் என்பார்கள், அதில் விழாதீர்கள். ஏஜென்ட் இல்லாவிட்டால் ஜூயோ-ஜிகோ என்ற சட்டப்படியான விளக்க ஆவணம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. நகராட்சி பேச்சுவார்த்தையில் தலையிடாது. அந்தத் தாளில்தான் வழி, தண்ணீர், கழிவு, நிலச்சரிவு எல்லாம் கையெழுத்தோடு வரும்.

பதிவு வரி வரிமதிப்பில் கட்டடத்துக்கு 2 சதவீதம், நிலத்துக்கு அதை ஒட்டி. ஷிஹோ-ஷோஷி கூலி தனி. சில மாதம் கழித்து மாகாணத்திலிருந்து "வாங்கல் வரி" என்று ஒரு கடிதம் வரும், வரிமதிப்பில் 3 சதவீதம். எல்லாரும் மறந்து போவது இதுதான். சொத்து வரி ஆண்டுக்கு வரிமதிப்பில் 1.4 சதவீதம், வீடு நிற்கும் நிலத்துக்கு 200 ச.மீ. வரை ஆறில் ஒரு பங்கு. பராமரிக்காமல் விட்டு நகராட்சி பரிந்துரை அறிவிப்பு கொடுத்தால் அந்தச் சலுகை போகும். 2023 டிசம்பர் முதல் இடிந்து விழும் நிலைக்கு முன்பே, "சரியாக நிர்வகிக்கவில்லை" என்ற நிலையிலேயே கொடுக்கலாம்.

காப்பீடு: ஆள் குடியிருக்காத வீட்டைப் பொதுவாகக் குடியிருப்பாகக் கணக்கெடுக்க மாட்டார்கள், அப்போது நிலநடுக்கக் காப்பீடு சேர்க்க முடியாது. எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லிக் கேளுங்கள்.

விலக்கு வாசகம் பற்றி: "கெஞ்ஜோ-யூஷி", கூடவே பிறகு குறை சொல்ல முடியாது என்ற விலக்கு. தனிநபர் விற்பனையில் அது செல்லும், ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்குச் செல்லாது. அதனால் கொகுச்சிஷோ என்ற குறைப் பட்டியலை விற்பவர் கையால் நிரப்பச் சொல்லுங்கள்: ஒழுகல், கரையான், எல்லைத் தகராறு, மரணம்.

#16 ஆணிக்கட்டை

கான்கிரீட் யோசனையை அப்படியே விடுங்கள். முதலில் அடித்தளம் எது என்று பாருங்கள். 1968 வீடு என்றால் கம்பி இல்லாத கான்கிரீட் பட்டையாக இருக்கலாம், அல்லது தூண் நேராகக் கல்லின் மேல் நிற்கும் பழைய முறை. கல்மேல் நிற்கும் தூணைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றினால் தூணடி தொட்டிக்குள் நிற்பது போலாகும்; தண்ணீர் உள்ளே போகும், காயாது, சில வருஷத்தில் இற்றுவிடும். நல்ல தூணைக் கெடுப்பதில் இதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஈரம்தான் கவலை என்றால் 0.1 மி.மீ. பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, ஒட்டும் இடத்தில் 150 மி.மீ. மேலடுக்கு விட்டு, தூணடியைத் தொடாமல் வெட்டுங்கள். சுற்றுச்சுவரில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்த சாமானை எடுங்கள். பெரும்பாலான வீட்டில் இது போதும்.

தரை நீங்களே செய்யலாம். அடிச்சட்டம் நல்லதாக இருந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதே இல்லை. கணக்கைக் கவனியுங்கள். தாதாமி தடிமன் 55 முதல் 60 மி.மீ. அதை எடுத்தால் கதவு ஓடும் கீழ்ச்சட்டத்துக்கு (ஷிகிஇ) அவ்வளவு பள்ளம். அந்த 60-க்குள் முழுத் தரையும் அடங்கணும். பழைய அடிப்பலகை மேல் 30 மி.மீ. உயரச் சட்டம் 303 மி.மீ. இடைவெளியில், நடுவில் 30 மி.மீ. ஸ்டைரோஃபோம், மேலே 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 15 மி.மீ. மரப்பலகை. மொத்தம் 57. மிச்ச 3 மி.மீ. மட்டம் பார்க்கும் ஆப்புக்கு. ஒரு 8 தாதாமி அறைக்கு 910 x 1820 பிளைவுட் 8, ஸ்டைரோஃபோம் 7, நான்கு மீட்டர்ச் சட்டம் 13. சுவர் ஓரம் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஜூன் மழையில் பலகை விரியும்.

சட்டம் வைப்பதற்கு முன் லேசர் அடித்து மூலைகளில் உயரம் எழுதிக்கொள்ளுங்கள். பழைய அறை எதுவும் சதுரமாக இருக்காது. முதல் பிளைவுட்டைச் சுவருக்கு ஒட்டி வைத்தால் நான்காவது வரிசையில் ஒரு விரல் அகலம் விலகி நிற்கும். அறை நடுவில் நூல் கட்டி அங்கிருந்து தொடங்குங்கள்.

தூணடி இற்றிருந்தால் மட்டும் தச்சரைக் கூப்பிடுங்கள். ஜாக்கியில் தூக்கி, இற்ற பாகத்தை அறுத்து, புது மரத்தைப் பூட்டுச் சந்தில் கோப்பது "நெட்சுகி". சாய்ந்த வீட்டை ஒரே நாளில் நிமிர்த்தினால் மண்சுவர் பிளந்து, கதவு எல்லாம் இறுகிவிடும். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர், பிறகு வீடு அடங்கட்டும்.

மின்வேலை தொடக்கூடாது, உரிமம் பெற்ற ஆள்தான். பழைய பெட்டியில் கசிவு பிரேக்கர் இருக்கிறதா, இரண்டு கம்பியா மூன்று கம்பியா (200 வோல்ட் ஏசிக்கு மூன்று வேண்டும்), கூரைக்குள் எலி கடித்த கம்பி இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷிமானே இருக்கும் சுகோகு பகுதியில் டோக்கியோ மாதிரி ஆம்பியர் ஒப்பந்தம் கிடையாது என்பது ஒரு சின்ன நிம்மதி.

கொட்டகைக் கூரை சாம்பல் நிற அலைத் தகடாக இருந்தால் கல்நார் இருக்கலாம். உடைக்காதீர்கள். 2006-க்கு முந்தைய தகடு எதுவானாலும் சந்தேகம்தான். 10 லட்சம் யென்னுக்கு மேற்பட்ட புதுப்பிப்பு ஒப்பந்தத்துக்கு, கல்நார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலைக்காரர் முன்கூட்டியே ஆய்ந்து அறிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டம். மேற்கோளில் அந்த வரி இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

#17 குழாய்மாமா

அக்கா, கடைசியா ஒண்ணு. கையெழுத்துக்கு முன்னாடி ஜிச்சிகாய் தலைவரைப் பாருங்க, ஏஜென்டோட. ஒரு டப்பா இனிப்போட போங்க. வருஷச் சந்தா எவ்வளவு, வாய்க்கால் தூர்வார எத்தனை நாள் ஆள் வரணும், வராட்டி எவ்வளவு கட்டணும், குப்பை போடுற இடம் உறுப்பினருக்கு மட்டுமா, இதையெல்லாம் கேளுங்க. ஜோகாசோத் தண்ணி அந்த வாய்க்கால்ல விட கையெழுத்துப் போடப் போறவர் அவராத்தான் இருப்பார்.

#18 வெண்ணிலா_ஒசாகா

கணக்கு (லட்சம் யென்னில்) இப்படிப் போட்டிருக்கிறேன்: வீடு 28, பெயர் மாற்றச் செலவு 6, கூரை மடிப்பும் முகடும் 5, கரையானும் தூணடியும் 8, ஜோகாசோ (சந்து காரணமாக) 16, குளியலறை 13, மின்சாரம் 5, குழாய் 4, தரைச் சாமான் 2, பழைய சாமான் அகற்ற 3. மொத்தம் 90 லட்சம். மிச்சம் 10. ஜன்னலுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

#19 ஆணிக்கட்டை

நிலநடுக்க ஆய்வை விட்டுவிட்டீர்கள். 1981 மே மாதம் வரையிலான அனுமதியில் கட்டிய மரவீட்டுக்குப் பல நகராட்சிகள் ஆய்வுக்கு மானியம் தருகின்றன. ஆய்வில் வரும் உறுதி எண் 1.0-க்கு மேல் நல்லது, 0.7-க்குக் கீழ் என்றால் பெரிய நிலநடுக்கத்தில் விழ வாய்ப்பு அதிகம். கனமான ஓடும் அகலத் திறப்பும் உள்ள 1968 வீடு 0.7-க்குக் கீழே வருவது சகஜம். அந்த 10 லட்சம் சுவர் பலப்படுத்துவதற்குத்தான் போகும். ஜன்னலுக்கு முதல் குளிர்காலம் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகட்டை உள்பக்கம் சட்டத்தில் பொருத்தி வையுங்கள், ஒரு ஜன்னலுக்கு சில ஆயிரம் யென்.

வரிசை மட்டும் மாற்றாதீர்கள். கூரை, ஈரம், தூணடி, சுவர், மின்சாரமும் குழாயும், அதற்குப் பிறகுதான் தரை. தரை போட்டுவிட்டுக் குழாய்க்காரரைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது "எந்தப் பலகையைப் பிரிக்கட்டும்" என்றுதான்.

#20 வெண்ணிலா_ஒசாகா

வயல் இரண்டையும் பக்கத்து விவசாயி எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஏஜென்ட் இன்று எழுதினார். டோகி நகலில் உரிமையாளர் பெயர் விற்பவரின் அப்பா. வாரிசுப் பதிவு முடிந்த நகல் கைக்கு வரும்வரை பணம் இல்லை என்று பதில் போட்டுவிட்டேன்.